சங்காயக் கூடையிலிருந்து சீக்வென்ஸ் வரை: ஆழ்கடல் நீந்தும் நண்டு ஒன்றுக்குப் பெயர் கண்டுபிடிக்கும் வழி

கொல்லத்துக்குப் பக்கத்தில் சக்திகுளங்கரைத் துறைமுகம். ஆழ்கடல் இறாலுக்குப் போன விசைப்படகு ஒன்று விடியற்காலையில் கரை பிடித்திருந்தது. இறால் பெட்டிகள் ஏலத்துக்குப் போனபின் மேல்தளத்தில் ஒரு கூடை மிச்சம் கிடந்தது. கண் பிதுங்கிய சிறு மீன்கள், நசுங்கிய கணவாய், அவற்றுக்கு நடுவே உள்ளங்கைக்குள் அடங்குகிற செம்பழுப்பு நண்டுகள் இருபது முப்பது. படகில் இருந்த தூத்துக்குடிக்காரர் ஒருவரிடம், “அண்ணே, இந்த நண்டுக்கு என்ன பேரு?” என்று கேட்டேன்.

“திங்கிற நண்டுக்குத்தான் தம்பி பேரு. இது சும்மா சங்காயம்.”

அவர் சொன்னது சரிதான். நீலக்கால் நண்டு, முக்கண் நண்டு, சிலுவை நண்டு, களி நண்டு என்று விலை போகும் நண்டுக்கெல்லாம் ஊரில் பெயர் இருக்கிறது. இருநூறு முந்நூறு மீட்டர் ஆழத்திலிருந்து மடியில் (இழுவை வலையில்) ஏறி வரும் நண்டுக்குக் கிடைப்பது சங்காயம் என்ற கழிவுக் கணக்கு மட்டும். அப்படிப்பட்ட நண்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அறிவியல் பெயர் வரை போய்ச் சேருவது எப்படி என்று, கடல் உயிரியல் படிக்க வந்திருக்கும் புதியவர்களுக்காக இதை எழுதுகிறேன். உதாரணத்துக்கு அந்தக் கூடையில் கிடந்த நண்டையே எடுத்துக்கொள்வோம்: காரிப்டிஸ் ஸ்மித்தி.

ஆளைப் பற்றி முதலில் கொஞ்சம்

1838-இல் மெக்லே என்பவர் தென்னாப்பிரிக்கச் சேகரிப்பிலிருந்து இந்த இனத்தை விவரித்தார். அங்கே உயிரினங்களைச் சேகரித்த ஆண்ட்ரூ ஸ்மித்தின் நினைவாகத்தான் ‘ஸ்மித்தி’. 1949-இல் லீனே, பொய்டெண்டைக் என்ற இருவர் காரிப்டிஸ் எட்வர்ட்ஸி என்று ஒரு புதிய இனத்தை அறிவித்தார்கள். பின்னால் பார்த்தால் இரண்டும் ஒரே நண்டு. மூத்த பெயருக்கே உரிமை என்பது விலங்குப் பெயரிடலின் விதி. ஆகவே ஸ்மித்தி நின்றது, எட்வர்ட்ஸி உதிர்ந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், பழைய ஆய்வுத்தாள்களைத் தேடும்போது இரண்டு பெயரிலும் தேட வேண்டும். ஒரு பெயரில் மட்டும் தேடி, “இந்த நண்டைப் பற்றி யாருமே எழுதவில்லை” என்று குதூகலித்தவர்களை எனக்குத் தெரியும். நானும் அதில் ஒருவன்.

இதன் வாழ்க்கை கொஞ்சம் விசித்திரமானது. அடித்தளத்தில், பெரும்பாலும் 150 முதல் 400 மீட்டர் ஆழத்தில் இழுவைமடியில் மாட்டும். அதே நண்டு தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் நடுக்கடலில் பெருங்கூட்டமாக நீந்தித் திரியும், இரவில் மேற்பரப்புக்கே ஏறி வரும். நமது ஆய்வுக்கப்பல் சாகர் சம்பதாவின் நடுநீர் மடிகளிலும் இது ஏராளமாகச் சிக்கியிருக்கிறது. ஏடன் வளைகுடா, கிழக்கு ஆப்பிரிக்கா தொடங்கி அரபிக்கடல், வங்கக்கடல் வரை பரவியிருக்கிறது. மஞ்சள்துடுப்புச் சூரைக்கு இது விருப்பமான தீனி. சூரையின் வயிற்றைக் கிழித்தால் அரைகுறையாகச் செரித்த ஓடுகள் கொட்டும். ஓட்டின் அகலம் 7 சென்டிமீட்டர் அளவோடு நின்றுவிடும், அதனால்தான் சந்தையில் மதிப்பில்லை.

நடுநீரில் ஒரு மாதிரி, அடித்தளத்தில் ஒரு மாதிரி, சூரை வயிற்றில் கால் வேறு ஓடு வேறாக ஒரு மாதிரி. மூன்றும் ஒரே இனமா என்ற கேள்வி வரும்போது உருவம், மரபணு இரண்டும் தேவைப்படுகின்றன.

படகிலேயே செய்ய வேண்டியது

பெயர் கண்டுபிடிக்கும் வேலையில் பாதி துறைமுகத்திலேயே முடிந்துவிடும், அல்லது அங்கேயே கெட்டுவிடும்.

முதலில் படம். நண்டு செத்து, ஐஸில் ஒரு இரவு கிடந்தாலே நிறம் மாறத் தொடங்கும். எத்தனாலில் போட்டால் ஒரு வாரத்தில் செம்பழுப்பெல்லாம் கரைந்து வெளிறிவிடும். எனவே ஈரம் துடைத்து, அளவுகோலைப் பக்கத்தில் வைத்து, மேலிருந்து ஒரு படம், வயிற்றுப்புறம் ஒரு படம், முன்பக்கம் கண்ணுக்கு நேரே ஒரு படம், கொடுக்கின் வெளிப்பக்கம் ஒரு படம். நான்கும் எடுங்கள். நிறத்தை வைத்துப் பெயர் சொல்லிவிட வேண்டாம். நிறம் சாட்சி, அவ்வளவுதான்.

அடுத்து திசு. நடக்கும் காலில் ஒன்றை அடியோடு ஒடித்து, தனிக் குப்பியில் 95 சதவீத எத்தனாலில் போடுங்கள். செவுளையும் குடலையும் தொட வேண்டாம். அங்கே ஒட்டுண்ணியும் நண்டு தின்ற தீனியும் இருக்கும், பிறகு நண்டின் மரபணுவுக்குப் பதிலாக அது தின்ற இறாலின் மரபணுவைப் படித்துக்கொண்டிருப்பீர்கள். கால் ஒடிக்கும்போது ஒரு பக்கம் மட்டும் ஒடியுங்கள். மறுபக்கம் முழுதாக இருக்கட்டும், அடையாளம் காண அது வேண்டும். நீச்சல் காலையும் கொடுக்கையும் விட்டுவிடுங்கள்.

மீதி நண்டு முழுவதும் வாய் அகலமான பாட்டிலில் எத்தனாலில். நண்டு உடம்பில் தண்ணீர் நிறைய, அது ஊறி எத்தனாலை நீர்த்துப் போகச் செய்யும். மறுநாள் பழையதைக் கொட்டிவிட்டுப் புது எத்தனால் ஊற்றுங்கள். பார்மலின் வேண்டவே வேண்டாம். உருவம் நன்றாக நிற்கும், டி.என்.ஏ. பாழாகும். பழைய அருங்காட்சியகப் பாட்டில்களில் இருந்து மரபணு எடுப்பது பெரும்பாடாக இருப்பதற்குப் பார்மலினும் ஒரு காரணம்.

லேபிள். இதற்கு ஒரு பத்தி ஒதுக்காமல் முடியாது. தடித்த காகிதத்தில் பென்சிலால் எழுதி, பாட்டிலுக்கு உள்ளே போட வேண்டும். பால்பாயிண்ட் பேனா எழுத்து எத்தனாலில் கரைந்து நீலத் தண்ணீராகிவிடும். வெளியே ஒட்டிய ஸ்டிக்கர் ஐஸ் பெட்டியில் உரிந்துவிடும். என் முதல் பயணத்தில் பதினெட்டுப் பாட்டில்கள் கொண்டுவந்தேன். பதினொன்றில் வெறும் வெள்ளைக் காகிதம் மிதந்தது. லேபிளில் இருக்க வேண்டியது: மாதிரி எண், தேதி, படகு மடி போட்ட இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை, ஆழம், மடியின் வகை, எடுத்தவர் பெயர். இறக்கிய துறைமுகம் பிடித்த இடம் ஆகாது. படகோட்டியின் ஜி.பி.எஸ். திரையை நயமாகக் கேட்டுப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். சிலர் தங்கள் இடத்தைச் சொல்ல மாட்டார்கள், அது அவர்கள் தொழில் ரகசியம். ஆழம் மட்டுமாவது கேளுங்கள். அவர்கள் பாகக் கணக்கில் சொல்வார்கள். ஒரு பாகம் ஏறத்தாழ 1.83 மீட்டர். கால் போட்ட குப்பிக்கும் உடல் போட்ட பாட்டிலுக்கும் ஒரே எண் இருக்கிறதா என்று இரண்டு முறை பாருங்கள்.

பல் எண்ணுதல்

ஆய்வகத்துக்கு வந்தாயிற்று. தட்டில் நண்டு, மேலே உருப்பெருக்கி. முதல் கேள்வி: இது நீந்தும் நண்டுதானா? கடைசி ஜோடிக் கால்களின் நுனி தட்டையாக, துடுப்பு மாதிரி அகன்றிருந்தால் பெரும்பாலும் ஆம். நீந்தும் நண்டுக் குடும்பத்தில் நம் கரைக்கு வரும் பேரினங்களைப் பிரிக்க ஓட்டின் பற்களே போதும்.

ஓட்டின் முன்விளிம்பில், இரண்டு கண்களுக்கும் நடுவே இருப்பவை நெற்றிப் பற்கள். கண்ணின் வெளிமூலையில் தொடங்கிப் பக்கவாட்டில் ஓட்டின் அகலமான இடம் வரை இறங்குபவை பக்கப் பற்கள். புதியவர்கள் தவறும் இடம் இதுதான்: கண் குழியின் வெளிமூலையில் உள்ள பல்லையும் சேர்த்துத்தான் பக்கப் பற்களை எண்ண வேண்டும். அதை விட்டால் ஆறு ஐந்தாகும், பேரினமே மாறிப்போகும். நெற்றியில் இன்னொரு குழப்பம். சில திறவுகோல்கள் (ஒவ்வொரு குறியாகக் கேட்டு இனத்துக்கு வழிகாட்டும் பட்டியல்கள்) கண் குழியின் உள்மூலையையும் சேர்த்து எட்டு என்று எழுதும், சில அதை விட்டு ஆறு என்று எழுதும். நீங்கள் கையில் வைத்திருக்கும் திறவுகோல் எந்தக் கணக்கு என்பதை முதல் பக்கத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

எண்ணும்போது கண்ணை நம்பாதீர்கள். ஊசி முனையால் ஒவ்வொரு பல்லாகத் தொட்டு, வாய்விட்டு எண்ணுங்கள். இடப்பக்கம் ஒரு முறை, வலப்பக்கம் ஒரு முறை. முன் எப்போதோ உடைந்து, ஓடு கழற்றும்போது குட்டையாக வளர்ந்த பல் ஒரு பக்கத்தில் இருக்கும். இரு பக்கமும் ஒத்துவந்தால்தான் கணக்கு.

பக்கப் பல் ஒன்பது, கடைசிப் பல் நீண்ட முள்ளாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் நீலக்கால் நண்டு, முக்கண் நண்டு அடங்கிய போர்ட்டூனஸ் பக்கம் போங்கள். ஒன்பது பல்லும் ஏறக்குறைய ஒரே அளவு, ஓடு தடித்து வழவழப்பு என்றால் களி நண்டு, அதாவது சில்லா. (களி நண்டுகளில் ஒன்றின் பெயர் சில்லா டிரான்குபாரிக்கா. 1798-இல் பாப்ரிசியஸ் வைத்தது, நம் தரங்கம்பாடிதான் அது. டேனியர்கள் அங்கே இருந்த காலத்தின் மிச்சம்.) பக்கப் பல் ஐந்துக்குள், நெற்றி மிக அகன்று, கண்கள் ஓட்டின் இரு ஓரங்களுக்குத் தள்ளப்பட்டிருந்தால் தாலமிட்டா வகை. பக்கப் பல் பொதுவாக ஆறு, நெற்றிப் பல் ஆறு, ஓடு அறுகோணச் சாயல் என்றால் காரிப்டிஸ்.

உறுதிப்படுத்த ஒரு சின்ன சோதனை. கண்ணுக்கு அருகே இருக்கும் இரண்டாம் உணர்கொம்பின் அடிக்கணுவைப் பாருங்கள். போர்ட்டூனஸில் உணர்கொம்பின் சாட்டை கண் குழிக்குள்ளேயே இருக்கும். காரிப்டிஸிலும் தாலமிட்டாவிலும் அந்த அடிக்கணு அகன்று கண் குழியின் இடைவெளியை அடைத்துவிடும், சாட்டை குழிக்கு வெளியே தள்ளப்பட்டு நிற்கும். முதல் தடவை புரியாது. முக்கண் நண்டு ஒன்றையும் சிலுவை நண்டு ஒன்றையும் சந்தையில் வாங்கி அருகருகே வைத்துப் பாருங்கள், ஐந்து நிமிடத்தில் விளங்கிவிடும். பிறகு குழம்பும் வைக்கலாம்.

பின்விளிம்பு

காரிப்டிஸ் பெரிய கூட்டம். அதற்குள் நம் ஆழ்கடல் நண்டு இருக்கும் அறை கோனியோஹெல்லீனஸ். 1899-இல் கல்கத்தாவில் இருந்த ஆல்காக் இந்தத் துணைப்பேரினத்தைப் பிரித்தார். அவர் பிடித்துக்கொண்ட குறி எளிமையானது. ஓட்டின் பின்விளிம்பு, அதாவது வயிற்று மூடி மடங்கும் இடத்துக்கு மேலே இருக்கும் கோடு, வளைவாகப் போய்ப் பக்கத்தோடு உருண்டு கலக்கிறதா, அல்லது நேர்க்கோடாகப் போய் இரு முனைகளிலும் மூலை கட்டுகிறதா? உருண்டு கலந்தால் சிலுவை நண்டு சேர்ந்த கூட்டம். மூலை கட்டினால் கோனியோஹெல்லீனஸ்.

நண்டின் பின்பக்கத்தை உங்கள் பக்கம் திருப்பி, வெளிச்சம் சாய்வாக விழும்படி வையுங்கள். சிறிய ஸ்டீல் ஸ்கேலின் ஓரத்தைப் பின்விளிம்போடு ஒட்டிவைத்தால் நேரா வளைவா என்பது தெரிந்துவிடும். மூலையை விரல் நகத்தால் தடவினாலும் முனை தட்டுப்படும்.

இந்த ஒரு குறியிலேயே கூடையில் இருந்தவை எல்லாம் ஓர் அறைக்குள் வந்துவிட்டன. ஆனால் அறைக்குள் இன்னும் பலர் இருக்கிறார்கள்: ஹோப்லைட்டீஸ், லாங்கிகாலிஸ், ஓமனென்சிஸ், ட்ரங்கேட்டா, வேடோரம் என்று பட்டியல் நீளும். இங்கிருந்துதான் நிதானம் தேவை.

அறைக்குள் பிரிப்பது

இனி ஒரே குறியை நம்பிப் பெயர் சொல்ல முடியாது. ஒரு தாளில் அட்டவணை போட்டு, ஒவ்வொரு நண்டுக்கும் கீழே சொல்பவற்றை எழுதுங்கள். அதன்பின் திறவுகோலைத் திறங்கள். திறவுகோலை முதலில் திறந்தால், அது கேட்பதையே கண் பார்க்கும்.

கடைசிப் பக்கப் பல். அதன் நீளத்தையும் அதற்கு முந்திய பல்லின் நீளத்தையும் அளந்து விகிதம் எழுதுங்கள். ஹோப்லைட்டீஸ், லாங்கிகாலிஸ் போன்றவற்றில் கடைசிப் பல் நீண்ட முள்ளாகப் பக்கவாட்டில் துருத்திக்கொண்டு நிற்கும். இந்தக் கூட்டத்தைப் பிரிக்கும் முக்கியமான கிளை இது. ‘நீளம்’ என்று மட்டும் எழுதினால் போதாது, மில்லிமீட்டர் வேண்டும்.

ஓட்டின் மேல் குறுக்கே ஓடும் மேடுகள். பொடிப்பொடியான மணிகள் வரிசை கட்டி நிற்கும் கோடுகள் அவை. கடைசிப் பக்கப் பல்லின் மட்டத்துக்குப் பின்னாலும் மேடுகள் இருக்கின்றனவா, முன்பக்கத்தோடு நின்றுவிடுகின்றனவா என்று பாருங்கள். ஈரமான ஓட்டில் இது தெரியாது. டிஷ்யூ பேப்பரால் ஒற்றிவிட்டு, ஓரிரு நிமிடம் காயவிட்டு, பக்கவாட்டு வெளிச்சத்தில் பாருங்கள்.

கொடுக்கு. மேல்கையின் முன்விளிம்பில் எத்தனை முள், பின்விளிம்பின் நுனியில் முள் உண்டா, உள்ளங்கையில் எத்தனை முள், நீளவாக்கில் எத்தனை மேடு. நீச்சல் கால்: தொடைக்கணுவின் பின்முனையில் முள் இருக்கிறதா, துடுப்புக்கு முந்திய கணுவின் பின்விளிம்பு வழவழப்பா ரம்பப் பல்லா.

அகலத்தைக் கடைசிப் பல்லின் நுனியையும் சேர்த்து அளந்தீர்களா, அதற்கு உள்ளே அளந்தீர்களா என்பதை ஒவ்வொரு முறையும் குறிக்க வேண்டும். முள் நீண்ட இனத்தில் இரண்டுக்கும் பல மில்லிமீட்டர் வித்தியாசம் வரும். நீளம் என்பது நெற்றியின் நடுவிலிருந்து பின்விளிம்பின் நடுவரை.

அடுத்து ஆணின் முதல் இனப்பெருக்கக் கால். நண்டு வகைப்பாட்டாளர்கள் இறுதியில் நம்புவது இதைத்தான். நண்டை மல்லாக்கப் புரட்டி வயிற்று மூடியைத் திறங்கள். ஆணின் மூடி குறுகி முக்கோணமாக இருக்கும், பெண்ணின் மூடி அகன்று வட்டமாக இருக்கும். ஆணில் மூடிக்கு அடியில் இரண்டு ஜோடிச் சிறு கால்கள், முதல் ஜோடி நீளமாக வளைந்து, நுனி கூர்ந்து, நுனியோரம் முட்கள் வரிசையாக இருக்கும். ஒரு பக்கத்ததை மட்டும் நுண்ணிய இடுக்கியால் அடியோடு எடுத்துக் கண்ணாடிச் சில்லில் கிளிசரின் சொட்டில் வைத்து நுண்ணோக்கியில் பாருங்கள். நுனியின் வளைவு, முட்கள் எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்பதைக் கையால் வரையுங்கள். படம் எடுப்பதோடு நிறுத்தாதீர்கள், வரையும்போதுதான் கண் பார்க்கிறது.

ஒரு எச்சரிக்கை. மூடி அகன்றிருந்தால் பெண் என்று உடனே எழுதிவிடாதீர்கள். சில நீந்தும் நண்டுகளில் சாக்குலினா வகை ஒட்டுண்ணி ஏறும். வயிற்று மூடிக்கு அடியில் மஞ்சள் பை போலத் தொங்கும், அனுபவமில்லாதவர் சினை என்று நினைப்பார்கள். ஆண் நண்டில் ஏறினால் அதைப் பெண்மைப்படுத்திவிடும். மூடி அகலும், இனப்பெருக்கக் கால் சூம்பும். சூயஸ் கால்வாய் வழியாக மத்தியதரைக் கடலுக்குப் போய், 1954-இல் துருக்கியின் மெர்சின் வளைகுடாவில் முதலில் சிக்கிய லாங்கிகாலிஸ் நண்டைப் பின்தொடர்ந்து அதன் ஒட்டுண்ணியும் அங்கே போய்ச் சேர்ந்தது. அங்கே இதைப் பற்றி நிறைய வேலை நடந்திருக்கிறது. ஆக, பை தொங்கும் நண்டை இனம் காணும் மாதிரியாக வைத்துக்கொள்ள வேண்டாம். தனியாக வையுங்கள், ஒட்டுண்ணி படிப்பவர் ஒருவர் நன்றி சொல்வார்.

முட்டையிடாத இளம் நண்டு, உடைந்த நண்டு, சூரை வயிற்று நண்டு ஆகியவற்றில் மேலே சொன்ன பாதிக் குறிகள் கிடைக்காது. அங்கேதான் மரபணு கைகொடுக்கும்.

குப்பியில் இருக்கும் கால்

விலங்குகளுக்கு மரபணு பார்கோடு (ஒரு மரபணுத் துண்டை வைத்தே இனம் காண்பது) என்ற யோசனையை 2003-இல் கனடாவின் கெல்ஃப் பல்கலைக்கழகத்துப் பால் ஹெபர்ட் முன்வைத்தார். மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள சி.ஓ.ஐ. என்ற மரபணுவின் ஒரு துண்டு, 658 டி.என்.ஏ. எழுத்துகள். நண்டுக்கும் அதுதான் முதல் தேர்வு. கூடவே 16எஸ் என்ற இன்னொரு துண்டையும் படித்துவிடுவது நல்லது. ஏன் என்பது பின்னால்.

காலை உடைத்து உள்ளிருக்கும் வெள்ளைச் சதையில் ஓர் அரிசி மணி அளவு, 20 முதல் 25 மில்லிகிராம் போதும். எத்தனாலை டிஷ்யூவில் ஒற்றி எடுத்துவிட்டு, டி.என்.ஏ. பிரிக்கும் கிட்டில் சொன்னபடி, சதையைக் கரைக்கும் நொதியான புரோட்டினேஸ் கே போட்டு 56 டிகிரியில் சதை கரையும்வரை வையுங்கள், தேவைப்பட்டால் இரவு முழுக்க. அதிகச் சதை போட்டால் அதிக டி.என்.ஏ. வரும் என்று நினைப்பது புதியவர்களின் ஆசை. வருவது அடைத்துப்போன வடிகட்டி.

ஒவ்வொரு நண்டுக்கும் இடையே இடுக்கியை எத்தனாலில் முக்கி நெருப்பில் காட்டுங்கள். நான் ஒருமுறை அவசரத்தில் எத்தனாலில் மட்டும் முக்கித் துடைத்தேன். மூன்று பேரினத்தைச் சேர்ந்த ஐந்து நண்டுகளும் ஒரே சீக்வென்ஸை, அதாவது ஒரே எழுத்து வரிசையைத் தந்தன. ஒரு வாரம் கண்டுபிடிப்புக் கனவில் மிதந்தபின்தான் இடுக்கியின் ஞாபகம் வந்தது.

வேண்டிய துண்டைப் பல மடங்கு நகலெடுக்கும் முறை பி.சி.ஆர். அதற்குப் பெரும்பாலானோர் பயன்படுத்துவது 1994-இல் ஃபோல்மர் குழுவினர் வடிவமைத்த பிரைமர் ஜோடி, அதாவது துண்டின் இரு முனையிலும் ஒட்டி நகலைத் தொடங்கிவைக்கும் சிறு டி.என்.ஏ. இழைகள். அது ஏறத்தாழ 710 எழுத்துத் துண்டைப் பெருக்கும், பிரைமரைக் கழித்தால் அந்த 658. 94 டிகிரியில் சில நிமிடம், பிறகு 94, ஒட்டும் வெப்பநிலை, 72 என்று 35 சுற்று, கடைசியில் 72-இல் சில நிமிடம். ஒட்டும் வெப்பநிலையை 50-இல் தொடங்கி, ஜெல்லில் துண்டின் பட்டை வராவிட்டால் 45 வரை இறக்கலாம். நண்டில் இந்தப் பிரைமர் அடிக்கடி ஏமாற்றும். அப்போது உடனே பிரைமரைத் திட்டாமல், டி.என்.ஏ.வைப் பத்து மடங்கு நீர்க்கச் செய்து போட்டுப் பாருங்கள். ஓட்டின் நிறமியும் கூடவே வந்த மற்றவையும் நொதியைத் தடுத்திருக்கலாம். பாதி நேரம் இதிலேயே சரியாகிவிடும். டி.என்.ஏ. போடாத வெற்றுக் குழாய் ஒன்று ஒவ்வொரு ஓட்டத்திலும் இருக்க வேண்டும். அதில் பட்டை வந்தால் அன்றைய வேலை அத்தனையும் குப்பை.

சூரை வயிற்று நண்டில் டி.என்.ஏ. துண்டுதுண்டாக நைந்திருக்கும். முழு 658 வராது. 16எஸ்ஸில் சிறிய துண்டு ஒன்றைப் பெருக்கும் பிரைமரை எடுங்கள்.

எழுத்துகளைப் படிப்பது

சீக்வென்ஸிங்குக்கு அனுப்பும்போது இரு திசையிலும் படிக்கச் சொல்லுங்கள். வரும் கோப்பில் எழுத்துகளை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடாமல், வண்ண மலைகளாகத் தெரியும் வரைபடத்தைத் திறங்கள். முதல் 30–50 எழுத்துகள் கலங்கலாக இருக்கும், வெட்டிவிடுங்கள். நடுவில் ஒரே இடத்தில் இரண்டு மலை ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு பலரும் தாண்டிப் போய்விடும் ஒரு படி: எழுத்துகளை அமினோ அமிலங்களாக மொழிபெயர்த்துப் பாருங்கள். முதுகெலும்பற்றவற்றின் மைட்டோகாண்ட்ரியாக் குறியீடு, அட்டவணை எண் 5. சாதாரணக் குறியீட்டைப் போட்டால் டி-ஜி-ஏ நிறுத்தக் குறியாகத் தெரிந்து பயமுறுத்தும். ஐந்தாம் அட்டவணையில் அது டிரிப்டோபேன். சரியான அட்டவணை போட்டும் நடுவில் நிறுத்தக் குறி வந்தால், அல்லது மூன்றால் வகுபடாத இடைவெளி வந்தால், நீங்கள் படித்தது மைட்டோகாண்ட்ரியா மரபணுவே அல்ல. எப்போதோ உட்கருவுக்குள் நகல் போய்த் தங்கி, செயலிழந்து, தன்போக்கில் மாறிப்போன போலித் துண்டு. ஓட்டுடலிகளில் இது சாதாரணம். இதைக் கவனிக்காமல் ‘புதிய இனம்’ அறிவித்தால் தலைகுனிவு. சி.ஓ.ஐ. சந்தேகப்படும்போது 16எஸ் துணைக்கு வரும் என்று சொன்னது இதற்காகத்தான்.

துண்டு சுத்தம் என்றால் ஜென்பேங்க் என்ற பொது மரபணுத் தரவுத்தளத்தில் பிளாஸ்ட் (ஒத்த வரிசைகளைத் தேடும் கருவி) தேடலும், பார்கோடுகளுக்கான போல்ட் தளத்தில் இன்னொரு தேடலும் போடுங்கள். முதல் வரியில் வரும் பெயரை அப்படியே எழுதிவிடுவதுதான் இன்றைக்குப் பரவலாக நடக்கும் பிழை. தரவுத்தளத்தில் பெயரைப் போட்டவரும் உங்களைப் போல ஒரு மாணவர்தான், அவர் பல்லைச் சரியாக எண்ணினாரா என்று உங்களுக்குத் தெரியாது. என் நண்டு ஒன்றுக்கு முதல் பொருத்தம் முற்றிலும் வேறு பேரினத்தின் பெயரைக் காட்டியது. அதற்கு அடுத்த பத்துப் பதிவுகளும் காரிப்டிஸ். எனவே முதல் இருபது பதிவுகளையாவது பாருங்கள். எந்த நாட்டு மாதிரி, அருங்காட்சியக எண் உண்டா, வெவ்வேறு ஆய்வகத்தினர் ஒரே பெயரைச் சொல்கிறார்களா, பொருத்தம் துண்டின் முழு நீளத்துக்கா, பாதிக்கா.

எண்களைச் சதவீதமாகவே பார்த்துப் பழகினால் உணர்வு வராது, எழுத்தாக மாற்றிப் பாருங்கள். 658-இல் 5 எழுத்து வேறுபட்டால் 0.76 சதவீதம். ஒரே இனத்து நண்டுகளுக்குள் இப்படி இருப்பது சகஜம், பொதுவாக 2 சதவீதத்துக்குள் அடங்கும். காரிப்டிஸின் வெவ்வேறு இனங்களுக்கு இடையே வேறுபாடு பெரும்பாலும் 10 சதவீதத்தை ஒட்டியோ மேலோ போகும், அதாவது 66 எழுத்துகள். நடுவில் 3, 4, 5 என்று ஏதாவது வந்தால் அங்கே உட்கார்ந்துகொள்ளுங்கள். அது கலப்படமாக இருக்கலாம், போலித் துண்டாக இருக்கலாம், வெகுகாலம் பிரிந்து வாழும் இரு கூட்டமாக இருக்கலாம், உண்மையிலேயே பெயரிடப்படாத ஒன்றாகவும் இருக்கலாம். இந்த வரிசையிலேயே சந்தேகப்படுங்கள்.

கடைசியாக, யாருக்கு யார் நெருங்கிய உறவு என்று காட்டும் கிளைமரம் ஒன்று. மெகா மென்பொருளில் உங்கள் நண்டுகள், தரவுத்தளத்துக் கோனியோஹெல்லீனஸ் உறவினர்கள், ஒப்பிட்டுப் பார்க்க வெளியாளாக முக்கண் நண்டு ஒன்று. உங்களுடையவை எல்லாம் ஸ்மித்தியோடு ஒரே கொத்தாக நிற்கின்றனவா என்று பாருங்கள்.

உருவமும் மரபணுவும் சண்டையிட்டால்

மரபணு சொன்னால் அதுவே முடிவு என்று நினைப்பவர்கள் அதிகம். எனக்கு அதில் உடன்பாடில்லை. சீக்வென்ஸ் சொல்வது “இது இன்னாரோடு ஒத்துப்போகிறது” என்பதை மட்டும். அந்த இன்னாருக்குப் பெயர் வந்தது யாரோ ஒருவர் பல்லை எண்ணி, இனப்பெருக்கக் காலை வரைந்ததால். ஆகவே இரண்டும் முரண்பட்டால் முதலில் பாட்டிலைத் திறந்து நண்டை மறுபடி பாருங்கள். பிறகு எண் மாறியதா என்று லேபிளைப் பாருங்கள். அதன்பின் அதே நண்டிலிருந்து புதிதாகத் திசு எடுத்து, வேறு நாளில், வேறு கிட்டில் மறுபடி செய்யுங்கள். மூன்றும் தாண்டி முரண் நின்றால் வகைப்பாட்டு நிபுணர் ஒருவருக்கு எழுதுங்கள். இனப்பெயருக்கு முன்னால் ‘ஒப்பிடுக’ என்று பொருள்படும் cf. என்ற சுருக்கத்தைச் சேர்த்து வைத்திருப்பதில் அவமானம் ஒன்றுமில்லை.

திசுவையோ நண்டையோ வெளிநாட்டு நண்பருக்கு அஞ்சலில் அனுப்பிவிடலாம் என்று யோசிக்காதீர்கள். 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டப்படி அனுமதி வேண்டும். அதற்கான தேசிய ஆணையம் சென்னையிலேயே இருக்கிறது. உள்நாட்டிலேயே உதவி கிடைக்கும். இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் கடல் உயிரியல் மையமும் சென்னையில் உள்ளது, கொச்சியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது.

நண்டை வீட்டு அலமாரியில் வைக்காமல், இத்தகைய சேகரிப்பகம் ஒன்றில் ஒப்படைத்துப் பதிவு எண் வாங்குங்கள். ஜென்பேங்கில் சீக்வென்ஸ் ஏற்றும்போது அந்த எண்ணையும், பிடித்த இடம், ஆழம், தேதியையும் சேர்த்து ஏற்றுங்கள். பெயர் கண்டவர் யார் என்ற கட்டத்தையும் நிரப்புங்கள். பலர் வெறுமையாக விடுகிறார்கள்.

பாட்டிலுக்குள் இப்போது இரண்டாவது லேபிள் ஒன்று போக வேண்டும். படகில் எழுதிய பழைய பென்சில் காகிதத்தை எடுத்துவிடாதீர்கள், மீன் நாற்றத்தோடு அதுவும் உள்ளேயே கிடக்கட்டும். புதியதில்: காரிப்டிஸ் ஸ்மித்தி மெக்லே, 1838; ஆண்; ஓட்டின் அகலம் முள் சேர்த்து இத்தனை மில்லிமீட்டர்; இடது முதல் இனப்பெருக்கக் கால் தனிக் குப்பியில்; வலது மூன்றாம் கால் திசுவுக்கு எடுக்கப்பட்டது; சேகரிப்பக எண்; ஜென்பேங்க் எண்; பெயர் கண்டவர், தேதி. பென்சிலால்.